பின்வரிசைக்கு நாலு செடி

கைதட்டல் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடுப்பாத்தியைச் சுற்றி பிசியோ மேடமும் இரண்டு நர்சுகளும் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். குட்டிப்பெண் பட்டாணியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மண்ணக்கா! வலது கையால பறிச்சுட்டா! வலது கை!" என்று பிசியோ மேடம் அங்கிருந்தே கத்தினாள்.

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் மண்ணக்காதான். பதினோரு வருடமாகத் தோட்ட வேலை. நடுப்பாத்தி அவளுடைய செல்லம். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கும் எட்டுகிற மாதிரி இடுப்புயரத்துக்குச் செங்கல் கட்டி, அதில் ஸ்னாப்டிராகன் வைத்திருந்தாள். பூவின் இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தினால் 'ஆ' என்று வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். குழந்தைகள் அதை வாய்ப்பூ என்றார்கள். கை வராத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கருவி எந்தக் கம்பெனியும் செய்யவில்லை என்பது பிசியோ மேடத்தின் கட்சி.

பட்டாணிக்கு நான்கு வயது. இடது கை வால்தனம் செய்யும். வலது கை பிறந்ததிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காது. மூன்று மாதமாக அந்தக் கையின் இரண்டு விரலை வாய்ப்பூவின் கன்னத்தில் வைத்து அழுத்தப் பார்க்கிறார்கள், பூ வாயைத் திறந்தபாடில்லை. இன்றைக்கு ஒரு பூவையே பறித்துவிட்டாள்.

"பறிச்ச வேகத்துல வாயில போட்டுட்டா, திருடி. பாதியைப் பிடுங்கறதுக்குள்ள மீதியை மென்னுட்டா" என்று அவள் அப்பா கைக்குட்டையால் குழந்தையின் உதட்டைத் துடைத்தார்.

"திங்கட்டும் சார். இந்தப் பாத்தியில இருக்கிறது எல்லாமே டாக்டர் கையெழுத்துப் போட்ட லிஸ்ட். தட்டு நிறையத் தின்னாலும் ஒண்ணும் பண்ணாது. வாங்க, முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றாள் பிசியோ மேடம்.

ஊர்வலம் மாதிரி எல்லாரும் உள்ளே போனார்கள். மண்ணக்காவும் சிரித்துக்கொண்டே பாத்திக்கு வந்தாள். பட்டாணி எந்தப் பூவைப் பறித்தாள் என்று பார்க்க ஆசை.

வாய்ப்பூவைப் பிய்த்தால் காம்பு கிழிந்து, பச்சை நார் துருத்திக்கொண்டு நிற்கும். முன்னால் இருந்த ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் கிழிசல் இல்லை.

பின்வரிசையில் இருந்த ஊதாமணிச் செடி ஒன்று நேற்றைய மழைக்காற்றில் முன்பக்கம் சாய்ந்து, வாய்ப்பூக்களின் மேல் படுத்திருந்தது. காலையிலேயே குச்சி நட்டுக் கட்ட நினைத்து மறந்துவிட்டாள். அந்தத் தண்டில் கீழிருந்து மூன்றாவது மணிப்பூவைக் காணோம். மணி இருந்த இடத்தில் மெல்லிய ஒரு நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.



ஊதாமணி தானாகவும் உதிரும். குனிந்து மண்ணைப் பார்த்தாள், செங்கல் விளிம்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஏழு மணிக்குப் பெருக்கிய தரை, பெருக்கியபடியே இருந்தது.

அந்தப் பாத்திக்குள் என்ன வைக்கலாம் என்ற பட்டியல், கருவிகள் வைக்கும் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறது. முன்னால் அலிசம், நடுவில் வாய்ப்பூவோடு பான்சி, பின்னால் சாமந்தி மாதிரிக் கேலண்டுலா. கீழே டாக்டருடையதும் பிசியோ மேடத்துடையதுமாக இரண்டு கையெழுத்து. கேலண்டுலா போன மாத மழையில் வேர் அழுகிப் போயிற்று. நிர்வாகி சுற்றிப் பார்க்க வருகிற வாரம் அது. பின்வரிசை மொட்டையாக நின்றது. நர்சரி வைத்திருக்கும் கொழுந்தனிடம் கேட்டாள். அவன் மொட்டுக் கட்டிய நான்கு செடியைத் தூக்கிக் கொடுத்தான். "வாய்ப்பூவுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது அண்ணி. உயரம் பின்வரிசைக்கே அளந்து செஞ்ச மாதிரி. ரெண்டும் ஒரே சமயத்துல பூக்கும். முக்கியமா, பூச்சி அண்டாது. நத்தைகூடக் கிட்ட வராது."

உயரம், பூக்கும் காலம், பூச்சி. துணைச்செடி தேர்ந்தெடுக்க அவள் எப்போதும் பார்க்கிற மூன்று விஷயம். மூன்றும் பொருந்தியதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நத்தை ஏன் கிட்ட வராது என்று அவள் கேட்கவில்லை. பூச்சி தின்னாத செடி தோட்டக்காரிக்கு நல்ல செடி.

போனை எடுத்தாள்.

"நீ கொடுத்தியே ஊதாமணி, அதுக்கு நிஜப் பேர் என்ன?"

"அதுவா... ஃபாக்ஸ்க்ளோவ்னு நாத்துத் தட்டுல எழுதியிருந்துச்சு. ஏன் அண்ணி, நிர்வாகிக்குப் பிடிச்சிருச்சா?"

"அதைத் தின்னா என்ன ஆகும்?"

"யாரு தின்னா? ஆடு புகுந்துருச்சா?"

"குழந்தைடா."

மறுமுனையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் நின்றது.

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. நாலையும் இப்பவே பிடுங்கி உரக்குழியில போடுங்க. யார் கேட்டாலும் மூச்சு விடாதீங்க. ஒரு பூவுல என்ன ஆகிடப் போகுது?"

"என்ன ஆகும்னுதான்டா கேக்கறேன்."

"அது... இதயத்தைப் பிடிக்கும்னு சொல்வாங்க. நான் கண்டேனா! இந்தப் பேச்சுல என் பேர் வேண்டாம் அண்ணி, புண்ணியமாப் போகும்."

போனை வைத்தாள். முற்றத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நான்கு செடியைப் பிடுங்க இரண்டு நிமிடம் போதும். மண்ணைத் தட்டிச் சமன் செய்தால் பின்வரிசை பழையபடி மொட்டை, அவ்வளவுதான். பறித்தது வாய்ப்பூ என்று மேடமே சாட்சி சொல்வாள். சாய்ந்த தண்டின் அடியைப் பிடித்தாள். மழையில் ஊறிய மண், வேர் அசைந்து கொடுத்தது.

மீதியை மென்றுவிட்டாள் என்றாரே அந்த மனுஷன்.

தண்டை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பட்டாணியின் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமா, வலது கைதான்! சத்தியமா! இரு, சாயங்காலம் வந்து காட்டச் சொல்றேன்." மடியில் பட்டாணி, எல்லாரும் ஏன் தன்னைக் கொஞ்சுகிறார்கள் என்று புரியாமல் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தக் கைக்குட்டை... கொஞ்சம் கொடுக்கறீங்களா?"

"எதுக்கு? ஓ, பூவா!" அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்தார். "பத்திரமா மடிச்சு வச்சிருக்கேன்க்கா. கண்ணாடி போட்டு மாட்டப் போறேன்."

பிரித்தாள். எச்சிலில் ஊறிய பாதி மணிப்பூ. பல்லின் தடம். வாய்ப்பூவின் உள்ளே மஞ்சள் திட்டு இருக்கும், புள்ளி இருக்காது. இதன் உள்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்புப் புள்ளி, மெல்லிய ரோமம்.

"சார், இது வாய்ப்பூ இல்ல."

"வேற பூவா? இருந்துட்டுப் போகட்டும். எந்தப் பூவா இருந்தா என்ன?"

"இது விஷம் சார். நான்தான் வச்சேன்."

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. சொன்னது காதில் ஏறியும் முகத்துக்கு வந்து சேராத மாதிரி இருந்தது. அவர் எழுவதற்குள் அவள் டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துவிட்டாள்.

டாக்டர் அந்த அரைப் பூவைப் பார்த்த கணம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எத்தனை மணிக்கு? எவ்வளவு போச்சு உள்ளே? இலை ஏதாவது தின்னாளா?" கேள்விகள் மட்டும்தான், திட்டு இல்லை. பதில் வர வர நர்சிடம் உத்தரவு போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் கையிலிருந்து பட்டாணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு செருப்பு நடைக்கூடத்தில் கிடந்தது.

"லிஸ்ட்ல இல்லாததை எதுக்குக்கா வச்சீங்க?" பிசியோ மேடம் ஓடி வந்து கேட்டாள். "நான் 'திங்கட்டும்'னு சொன்னேனே. என் வாயால சொன்னேனே!"

"இடம் மொட்டையா இருந்துச்சு மேடம்."

சொல்லி முடித்ததும் அந்தப் பதில் எவ்வளவு கேவலமானது என்று அவளுக்கே உறைத்தது. 

அறைக்குள்ளிருந்து இதயத்துடிப்புக் கருவியின் சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக், டிக், டிக். அவள் சுவரோரம் நின்றாள். எதிர்ச் சுவரோரம் பட்டாணியின் அப்பா நின்றார், அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பட்டாணி வாந்தி எடுத்தாள். ஒரு மணி வாக்கில் டிக் சத்தங்களுக்கு நடுவே இடைவெளி கூடியது போல இருந்தது. உண்மையில் கூடியதா, தன் காது செய்யும் வேலையா என்று தெரியாமல் மண்ணக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். உள்ளே இரண்டு பேர் வேகமாக நடந்தார்கள். திரை இழுபட்டது. அவர் கதவருகே போய், கையை ஓங்கி, தட்டாமல் இறக்கிக்கொண்டார்.

நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "துடிப்பு நடுவுல கொஞ்சம் மெதுவாச்சு. இப்ப சீரா இருக்கு. நாளைக்குக் காலை வரைக்கும் கண்காணிப்புலதான் இருக்கணும்." பிறகு மண்ணக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க வந்து சொல்லலைன்னா, சாதாரண வயித்துக் கோளாறுன்னு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." பாராட்டா குற்றச்சாட்டா என்று குரலில் தெரியவில்லை.

நிர்வாகி எழுதி வாங்கிக்கொண்டார். கொழுந்தன் பெயர் உட்பட எல்லாவற்றையும் எழுதினாள். விசாரணை முடியும்வரை பாத்தியில் கை வைக்கக் கூடாது. பாத்தி முழுவதையும், வாய்ப்பூ உட்பட, இடித்து சிமெண்ட் போட்டுவிடலாமா என்றும் யோசிப்பதாகச் சொன்னார்.

மறுநாள் காலை சாவியை ஒப்படைக்க வந்தாள். பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. நான்கு ஊதாமணியும் போய், பின்வரிசையில் நான்கு குழி. பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அப்பா வெளியே வந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாண்டிப் போனவர், நான்கு எட்டு வைத்துத் திரும்பி வந்தார்.

"உங்க முகத்துல முழிக்கவே எனக்கு இஷ்டமில்ல."

அவள் தலையாட்டினாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். மூணு மாசமா அந்த வாய்ப்பூ இவ கைக்கு அசைஞ்சு கொடுக்கல. அந்தச் சனியன் மட்டும் எப்படிக் கழண்டு வந்துச்சு?"

"அதோட பிடி லேசு சார். பூத்து முதிர்ந்தா தொட்டாலே வந்துரும்."

"அந்த மாதிரி லேசா கழள்ற பூ, திங்கக்கூடிய பூ, வேற இருக்கா?"

"பார்த்துச் சொல்றேன். டாக்டர்கிட்ட காட்டிட்டு..."

"முதல்ல நீங்க தின்னு காட்டுங்க" என்றார். போய்விட்டார்.

கருவி அறைக் கதவின் முன் வெகு நேரம் நின்றாள். பதினோரு வருடத்தில் உயரத்துக்காகவும் நிறத்துக்காகவும் எத்தனையோ செடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இரண்டு விரல் இழுத்தால் எந்தப் பூ விட்டுக்கொடுக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அறைக்குப் பின்னால், அழுகாமல் தப்பிய ஒரே ஒரு கேலண்டுலா தொட்டியில் இருந்தது. மண்ணில் மணல் கூடுதலாக விழுந்த தொட்டி அது. ஒரு பூ விரிந்திருந்தது. தன்னிடம் பலம் குறைந்த இடது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் நீட்டி, ஓர் இதழைப் பிடித்து இழுத்தாள். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை இதழ் வந்துவிட்டது.

வாயில் போட்டு மென்றாள். லேசான கசப்பு.

கதவில் இருந்த பட்டியலைக் கிழியாமல் உரித்து எடுத்தாள். தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிசியோ அறைக்குப் போனாள். பட்டியலை மேசையில் வைத்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

பிசியோ மேடம் அந்த வரியையும், கீழே தன் கையெழுத்தையும், பிறகு தொட்டியையும் பார்த்தாள்.  உட்காரச் சொல்லவில்லை. இடது கையை நீட்டி, சுண்டுவிரலாலும் மோதிர விரலாலும் ஓர் இதழைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.