ஏழாவது சம்பவம்

அந்த ஷூ ஜோடியை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் அதிகாரி ரிட்சுவான் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். வாசல் படியில் உட்கார்ந்திருந்த ஹலிஜா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தோல், முனை சற்றே கூர்மை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அசல் ஜோடி தலைநகர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறதாம். இது அதே தையல்காரர் குடும்பம் அதே அளவில் செய்து கொடுத்தது என்று, கோயில் காரியம் பேசுகிற குரலில் ரிட்சுவான் சொன்னார்.

"பெரியவர் கால்லயே படாத ஷூவுக்கு எதுக்குத் தம்பி கையுறை?" என்றாள் ஹலிஜா.

கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்ற நூரின் என்ற பெண் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். ரிட்சுவான் கோபப்படவில்லை. நல்ல மனிதர்தான். "மரியாதைதான், மக்சிக்" என்றார். இந்தப் பக்கம் வயதான பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அத்தை என்கிற மாதிரி. அவர் அதைச் சொன்ன விதத்தில் பாசமே தெரிந்தது. அதுதான் ஹலிஜாவுக்குப் பிடிக்கவில்லை. முரட்டு ஆள் யாராவது வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பெரியவர் பிறந்து இது நூறாவது ஆண்டு. செலாரி தீவுகளை ஒரே குடியரசாக்கிய மனிதரின் வாழ்க்கையிலிருந்து நூறு சம்பவங்கள், அவற்றைக் கண்ணால் கண்டவர்களின் வாயாலேயே சொல்ல வைத்துப் படம் பிடிக்கிறார்கள். கிழிந்த காலரைத் தானே தைத்துப் பதினோரு வருஷம் ஒரே சட்டையைப் போட்டது முதல் சம்பவம். கீரைக்காரிக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்தபடியே மந்திரிசபைக்குப் போனது மூன்றாவது. கோலா ரெம்பாய் படகுத்துறையில் செருப்பு வரிசையில் காத்திருந்தது ஏழாவது. மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு குடியரசு நாளிலும் எல்லாப் பள்ளிக்கூட மைதானத்திலும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கும். தலைமை ஆசிரியர் தன் ஷூவைக் கொண்டுவந்து கடைசியில் வைப்பார். கைதட்டல் கிடைக்கும்.

படகுத்துறையில் செருப்பு வரிசை என்பது பெரியவருக்கு முன்னாலிருந்தே உள்ள வழக்கம். இந்த ஆற்றைக் கடக்க அன்றைக்கு இருந்தது ஒரே மிதவை. கரைக்குக் கரை கட்டிய கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து அதைக் கொண்டுபோக வேண்டும். போய்வர ஒரு மணி நேரம். அந்த வெயிலில் யார் நிற்பது? வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டுத் தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். செருப்பு நகர்ந்தால் ஆள் நகர்ந்த மாதிரி. அதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. கயிறு இழுத்தவர் ஹலிஜாவின் அப்பா செமான்.

புத்தகத்தில் இருப்பது இதுதான். பெரியவர் காரிலிருந்து இறங்கினார். யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஷூவைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு மரத்தடியில் குடியானவர்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு அடையாளம் தெரிந்துகொண்ட படகோட்டி ஓடிவந்து காலில் விழ, அவனைத் தூக்கி நிறுத்தி, 'இந்த நாட்டில் செருப்புக்குப் பதவி கிடையாது' என்றார்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த ஒன்பது வயது ஹலிஜா பார்த்தது வேறு. ஷூவை வைத்தது பெரியவர் இல்லை, அவருடைய உதவியாளர். வைத்ததும் கடைசியில் இல்லை, முன்னால், தண்ணீரோரத்தில், பிரசவத்துக்குப் போகிற ஒரு பெண்ணின் செருப்புக்கும் முன்னால். அப்பாவின் இரண்டு கையிலும் ஈரக் கயிறு. அவர் அந்த ஷூவைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு செருப்பாகத் தாண்டி, கடைசி வரைக்கும். மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பெரியவர்தான் முதலில் சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். அப்பாவின் தோளில் தட்டிப் பேர் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா காலை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலில் கறுப்பு பாலிஷ் அப்பியிருந்தது. "பெரியவர் ஷூ பாலிஷ்டி. என் பேரக் கேட்டாரு, தெரியுமா? செமான்னு சொன்னேன், இன்னொரு தடவ சொல்லுன்னாரு." அம்மா சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுவந்து, தோல் சிவக்கும்வரை அந்த விரலைத் தேய்த்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். பேரைச் சரியாகச் சொல்லியே கேட்டு, அப்பாவைக் கூட்டிப்போனார்கள். பதினாலு மாசம் கழித்து அப்பா திரும்பியபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மிதவை அதற்குள் வேறு ஆளுக்குப் போயிருந்தது. படகோட்டி காலில் விழுந்ததாகப் பெரியவர் அந்தக் கதையை ஒரு கூட்டத்தில் தன் வாயாலேயே சொல்லி, அது ரேடியோவில் வந்த அன்று, அப்பா இடது கையால் சோறு பிசைந்தபடி முழுதும் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் சொல்றாரு" என்றார். சாகிறவரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது ஆற்றுக்குப் பாலம் வருகிறது. துறையோரத்து இருபத்து மூன்று வீடுகளையும் இடிக்கிறார்கள். எல்லோருக்கும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் ஆளுக்கொரு அறை. ஹலிஜா ஏழாவது சம்பவத்தைக் கேமரா முன்னால் சொன்னால் அவள் வீடு மட்டும் நினைவில்லமாக நிற்கும். சாகும்வரை அவளே அதில் இருந்துகொள்ளலாம். ஆற்றுச் சேற்றில் நிற்கிற அந்த வீட்டின் பன்னிரண்டு கால்களையும் அப்பாதான் தோண்டி நட்டார், விரல்கள் மடங்கிய காலத்தில். அந்தக் கைகள் செய்ததில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதை ஒரு இயந்திரம் பிடுங்கிப் போடுவதைப் பார்க்க அவளால் முடியாது.

பக்கத்து வீட்டுத் தெமா மூட்டை கட்டியபடியே நேற்றுச் சொன்னாள். "சொல்லிட்டுப் போயேன். அம்பது வருஷத்துக்கு மேல ஊரே சொல்லுது. நீ சொன்னா மட்டும் புதுசா பொய்யாயிடுமா?"

"ஊரு பாக்கல. நான் பாத்தேன்."

"பாத்ததுக்குத்தாண்டி வீடு குடுக்குறாங்க. பாக்காத எனக்கு ஆறாவது மாடி." அந்தக் குரலில் இருந்த பொறாமைக்கு ஹலிஜாவால் கோபப்பட முடியவில்லை.

வாசலில் வைத்தே பேச்சைப் பதிவு செய்தார்கள். அவள் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. ஆரம்பிக்கும் முன் ஒன்று மட்டும் கேட்டாள்.

"எங்கப்பா பேரச் சொல்லலாமா தம்பி?"

ரிட்சுவான் உண்மையிலேயே யோசித்தார். "வேணாம் மக்சிக். 'ஒரு ஏழைப் படகோட்டி'ன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் அவங்கவங்க அப்பா ஞாபகம் வரும்."

'காலில் விழுந்தார்' என்ற இடம் வந்தபோது அவள் அழுதுவிட்டாள். அவள் அப்பா யார் காலிலும் விழுந்தவரில்லை. தூக்கி நிறுத்தப்பட்டவரும் இல்லை. அழுதுகொண்டே, நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். நூரினும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப இயல்பா வந்திருக்கு" என்றார் ரிட்சுவான்.

மிச்சம் ஒரு காட்சி. துறையில் பத்துப் பன்னிரண்டு பழைய செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஹலிஜா பெரியவரின் ஷூவைக் கையில் ஏந்தி வந்து கடைசியில் வைக்க வேண்டும். வைத்தாள். குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நன்றாக வந்தது என்றார்கள். ஆனாலும் மேகம் மறைத்துவிட்டதாம், எதற்கும் இன்னொரு தடவை எடுத்துவிடலாமாம்.

நூரின் ஷூவை எடுத்துப்போய் வரிசையின் முன்பக்கம், தண்ணீரோரத்தில் வைத்தாள். ஹலிஜா அங்கிருந்து அதை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். சரியாக அதே இடம். மேகம் விலகி வெயில் வந்தது. ரிட்சுவான் கையைக் காட்டினார். ஹலிஜா செருப்பைக் கழற்றினாள். குனியவில்லை. வலது காலால் அந்த ஷூவைத் தள்ளினாள். அது ஒரு முழம் போய்ச் சாய்ந்தது. இன்னொன்றையும் தள்ளினாள். மறுபடி முதலாவதை. தள்ளத் தள்ள அதன் கனம் அவள் விரலுக்குப் பழகியது. ஒவ்வொரு செருப்பாகத் தாண்டினாள். கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்படித்தான். எங்கப்பா பேரு செமான்."

எதிர்க்கரையில் பாலத்துக்குத் தூண் இறக்குகிற இயந்திரம் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. வீடு போய்விட்டது என்று ஹலிஜாவுக்குத் தெரிந்தது. போகட்டும் என்றிருந்தது. பயம் இருந்தது, அதற்கு மேலே வேறு ஏதோ ஒன்று, ஒன்பது வயதில் கூட்டத்தில் நின்றபோது இருந்தது, திரும்ப வந்திருந்தது.

ரிட்சுவான் மெல்ல நடந்து வந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"இடுப்பு வலிக்குதா மக்சிக்? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு நூரின் பக்கம் திரும்பி, "முதல்ல எடுத்ததே நல்லாருக்கு. அதையே வச்சுக்கலாம். இத அழிச்சிடு" என்றார்.

நூரின் கேமராவில் ஏதோ அழுத்தினாள். தலை நிமிரவே இல்லை. பிறகு மண்டியிட்டு, ஷூவின் மேலிருந்த மண்ணையும் கால்விரல் பதிந்த தடத்தையும் துணியால் துடைத்தாள். ரிட்சுவான் கையுறை மாட்டிக்கொண்டு வெல்வெட் பெட்டிக்குள் வைத்தார். போகும்போது முத்திரை போட்ட கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"வீடு உங்களுக்குத்தான் மக்சிக். அடுத்த மாசம் போர்டு மாட்ட ஆள் வரும்."

வண்டி போய்விட்டது. ஹலிஜா தன் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். கடல் ஓதம் ஆற்றில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா நட்ட கால்களைச் சுற்றித் தண்ணீர் சுழன்று, அடிப் படியை மூடிவிட்டது. அவள் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலில் கறுப்பு பாலிஷ் அப்பியிருந்தது. பக்கத்து வீட்டில் தெமா சட்டிபானைகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர் அடுத்த படிக்கு ஏறியபோது ஹலிஜா அந்த விரல் நனையாமல் காலை ஒரு படி மேலே இழுத்துக்கொண்டாள். அது அதற்கடுத்த படிக்கு வந்தபோது, மறுபடியும்.