காலைப் புகை

சிலிண்டர் ஹெட்டை மேசைமேல் நிறுத்தி, மெக்கானிக்கின் சகலை வால்வு சீல்களைப் பொருத்திக்கொண்டிருந்தான். வால்வுத் தண்டின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கினான். பிறகு தொப்பியை உருவி அடுத்த தண்டில் மாட்டினான். தொப்பி இல்லாவிட்டால் தண்டிலுள்ள பள்ளத்தின் விளிம்பு சீலின் ரப்பரைக் கீறிவிடும். கீறல் வழியாக ராத்திரியெல்லாம் எண்ணெய் இறங்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் நீலமாகப் புகையும். மாமனாரின் பழைய காருக்கு அதுதான் நோய்.

ஷெட்டும் மேசையும் ஸ்பேனர்களும் மூத்த மருமகனான மெக்கானிக்கினுடையவை. வேலை மட்டும் இளைய மருமகனுக்கு. "மாப்ள பெரிய கம்பெனியில பார்க்கிறவரு, அவரே பண்ணட்டும். நீ இடத்தை மட்டும் ஒழிச்சுக் குடுப்பா" என்று மாமனார் சொல்லிவிட்டார். சின்னவன் வீடு தேடி வந்து பெண் கேட்டவன். மெக்கானிக் இதே காரைப் பழுதுபார்க்கப் போய்ப் பெண்ணைக் கேட்டவன். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவருக்கு அவன் 'ஏம்ப்பா'தான்.

மெக்கானிக்கின் மனைவி தேநீர் கொண்டுவந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் கையைப் பாருங்க, என்ஜினைத் தொட்ட கை மாதிரியா இருக்கு? நீங்க சோத்துல கை வச்சா தட்டெல்லாம் கிரீஸு."

"கம்பெனியில கையுறை குடுக்கிறாங்க, அண்ணி" என்று சிரித்தான் சகலை. "இங்க எல்லாத்தையும் கழுவித் துடைச்சுக் குடுக்கிறது சகலைதான், அவரே எனக்குக் கையுறை."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மெக்கானிக்கின் காது சுட்டது. தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான்.

தேநீர் தம்ளரை எடுத்தபோது சகலையின் முழங்கை பட்டுத் தொப்பி கீழே விழுந்து உருண்டது. மெக்கானிக்கின் செருப்பருகே வந்து நின்றது. அவன் காலை ஒரு விரற்கடை நகர்த்தி அதன்மேல் வைத்தான்.

"இங்கதான வச்சேன்... பார்த்தீங்களா சகலை?"

"இல்லையே."

சகலை குனிந்து தேடினான். ஒரே ஒரு சீல் பாக்கி. "சரி, பதமா இறக்கிடுவோம்" என்று எண்ணெயைக் கூடுதலாகத் தடவி விரலால் அழுத்தினான். ஸ்பிரிங்கை மாட்டும்வரை மெக்கானிக் காலை எடுக்கவில்லை. எல்லோரும் போனபின் தொப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஹெட்டை என்ஜினில் ஏற்றி வண்டியைக் கிளப்பிய மாலையில் புகை துளிகூட இல்லை. சகலையின் தோளைத் தட்டிக்கொடுத்தார் மாமனார். "ராத்திரி இங்கயே நிக்கட்டும் மாமா, காலையில தெரிஞ்சிடும்" என்றான் சகலை.

விடிந்ததும் மாமனார் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சகலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது.

"சகலை பின்னாடி நிக்கட்டும் மாமா. புகை பார்க்க அவரை விட்டா ஆளில்ல. அவரு சரின்னாத்தான் எனக்கு நிம்மதி."

மெக்கானிக் சைலன்சர் குழாயருகே குந்தினான். சட்டைப்பையில் தொப்பி விலாவில் குத்தியது. சாவி திரும்பியது. என்ஜின் ஒருமுறை உறுமிச் சீரானது. குழாயிலிருந்து ஒரே ஒரு மூச்சு, இளநீலமாக, அவன் முகத்தைத் தடவிக்கொண்டு மேலேறியது. அவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பின்பார்வைக் கண்ணாடியில் மாமனாரின் கண்கள் அவனையே தேடின.

"எப்படி இருக்கு மாப்ள?"

நீலம் சுவரைத் தாண்டி வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. அவன் சட்டைப்பையின்மேல் கையை வைத்தபடி குந்தியே இருந்தான்.