பச்சை மாறாத பெட்டி

பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்த ஜெயபாக்கியம் அத்தை, "உள்ள ஒரு பாலித்தீன் கவர் போட்டுக்கிருவோமாத்தா?" என்று கேட்டார். அன்றைக்கே நான் சரி என்று சொல்லியிருக்கலாம்.

அத்தை எங்கள் எதிர்வீடு. போடி ஏலக்காய்க் கடைகளில் இருபத்தெட்டு வருடமாகக் காய் பொறுக்குகிறார். தட்டில் பரப்பிய காயில் வெடித்ததை, வெளிறியதை, பருமன் குறைந்ததைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒதுக்கும் வேலை. அந்த வருடம்தான், கூட வேலை பார்க்கும் மகாராணி அக்காவோடு சேர்ந்து ஒரு மூட்டை நல்ல காய் வாங்கியிருந்தார். சின்னப் பெட்டிகளில் போட்டுச் சொந்தப் பெயரில் விற்பதாகத் திட்டம்.

பெட்டி என் பொறுப்பு. பெங்களூரில் வடிவமைப்புப் படிக்கிறேன். துளி பிளாஸ்டிக் இல்லாத ஏலக்காய்ப் பெட்டி என்பது என் இறுதியாண்டுப் ப்ராஜெக்ட். கவாத்தின்போது செடியிலிருந்து கழித்துப் போடும் ஏலத்தண்டுகளை அப்பா தன் ஜீப்பில் கொண்டுவந்தார். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போடிமெட்டுக்குப் போகிற வண்டி அது. "சுருளிவேலு, என்ன, மாட்டுக்குத் தீவனமா?" என்று கொண்டை ஊசி வளைவுதோறும் யாராவது கேட்பார்களாம். "எம்மகளுக்குப் பாடப்புத்தகம்ணே" என்பாராம் அப்பா.

தண்டை வேகவைத்து, இடித்து, கூழாக்கி, சல்லடையில் வார்த்துக் காயவைத்தேன். வெளிர்பழுப்பில் தாள் வந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே இழைகள் ஓடுவது தெரியும், மலையில் மேகம் இறங்குகிற மாதிரி. பசையும் இல்லாமல் மடித்தே மூடுகிற பெட்டி. மேலே பச்சை மையில் 'ஜெயபாக்கியம், போடி'.

அத்தை அந்த எழுத்தை விரலால் தடவினார். "சாக்கு மேல நம்பருதான் போடுவாக. பேரெல்லாம் யாரு போட்டா."

"ஏன், எம்பேரு எங்க?" என்றார் மகாராணி அக்கா. "மகாராணின்னு போட்டா நாலு பெட்டி கூடப் போகும்ல."

"போட்டா அரமனைக் காயின்னு வெலயக் கேக்காமலே ஓடிருவான்" என்றார் அத்தை.

அதற்குப் பிறகுதான் கவரைப் பற்றிக் கேட்டார். கடைகளில் காயைக் கருப்புப் பாலித்தீனில் கொட்டி, வாயை முறுக்கிக் கட்டி, அதற்கு மேலேதான் சாக்கு போடுவார்கள்.

"கவர் போட்டா என் ப்ராஜெக்டே இல்ல அத்தை. காயி மூச்சு விடணும்."

"மூச்சு விட்டா ஈரத்தையும் இழுக்கும்ல?"

"நான் சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

சோதித்தேன். அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஆடி மாதம், போடிமெட்டுக்கு மேலே அப்பாவுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தின் அறையில், அலமாரி மேல் ஒரு பெட்டியைப் பதினைந்து நாள் வைத்தேன். ஜன்னல் வழியே மேகம் வந்து போய்க்கொண்டிருந்தது. திறந்தபோது காய்கள் காய்ந்த புல் நிறத்தில் இருந்தன. காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். சத்தமே இல்லை.

அங்கேயே அடுப்பைப் பற்றவைத்து, அந்தக் காய்களைத் தட்டிப்போட்டு டீ குடித்தேன். மணம் நன்றாகத்தான் இருந்தது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அதே பெட்டியில் புதுக் காயை நிரப்பிப் படம் எடுத்தேன். படத்துக்குக் கீழே 'பதினைந்து நாட்களுக்குப் பின்' என்று எழுதினேன்.

கல்லூரியில் கைதட்டினார்கள். படத்தை இணையத்தில் போட்டேன். சென்னையில் ஒரு இயற்கை அங்காடியிலிருந்து இருநூறு பெட்டி கேட்டு எழுதினார்கள். அத்தைக்குப் போன் செய்தபோது, "சோதிச்சியா ஆத்தா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சோதிச்சுட்டேன் அத்தை. ஒண்ணும் ஆகல."

"அப்பச் சரி. வெரசா போட்டு அனுப்பிர்றோம்."

ஐப்பசி மழையில் பார்சல் போனது. கார்த்திகையில், நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, திரும்பி வந்தது. அப்பா ஜீப்பிலிருந்து இறக்கிவைத்தார். பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டு ஏமாற்றிவிட்டதாகக் கடிதம் இருந்தது. 'ஜெயபாக்கியம் அவர்களுக்கு' என்று, பெட்டியில் நான் அச்சடித்த பெயருக்கே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை அத்தை வீட்டுக்குப் போனேன். வாசல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு பேரும் பெட்டிகளைப் பிரித்துக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நல்லது ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம். வெளிறிய பக்கம்தான் குவிந்திருந்தது. பிரித்த பெட்டிகளை அத்தை ஒன்றன்மேல் ஒன்றாக, பெயர் உள்பக்கம் போகும்படி மடித்து அடுக்கியிருந்தார்.

"ஒனக்கு மார்க்கு வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை."

"எம்புட்டு?"

"முதல் மார்க்."

"நல்லது."

மகாராணி அக்கா நிமிரவேயில்லை. "அந்தக் கடைக்காரன் போன்ல, களவாணிப் பொம்பளைன்னுட்டான் இவளை. எந்த ஓனரும் இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒரு சொல்லு சொன்னதில்ல" என்றார்.

"அத்தை, எனக்கு முன்னாடியே தெரியும். சோதிச்சப்பவே காய் வெளுத்துருச்சு. மாத்தி வச்சுத்தான் படம் எடுத்தேன்."

அத்தையின் விரல்கள் நின்றன. ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். அதை வெளிறிய குவியலில் போட்டார்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன்" என்றார்.

"அந்தக் கடைக்கு நானே எழுதுறேன் அத்தை. என் தப்புன்னு."

"எழுது. அவன் நம்புனா நம்பட்டும்."

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்லது எது, வெளிறியது எது என்று ஒவ்வொரு காயிலும் தடுமாறினேன். அவர்கள் நாலு தட்டு முடித்தபோது நான் பாதித் தட்டில் இருந்தேன். நான் ஒதுக்கிய நல்ல காயிலிருந்து அத்தை ஏழெட்டை எடுத்து வெளிறிய பக்கம் போட்டார்.

"ரஞ்சனி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. நான் நிமிர்ந்தேன்.

"தள்ளி உக்காரு. வெளிச்சத்த மறைக்கிற."