பள்ளக்கழனிக் கூலி

"ஒரு அடி மண்ணுன்னு போடும்மா" என்று சிங்காரவேலு சொன்னார், ஸ்டெல்லாவும் போட்டுவிட்டாள். பாகூர் ஏரிக்குக் கீழே நாலு ஏக்கர் வயலை விலை பேசி மனை பிரிக்கிற முதலாளி அவர். தேறுமா தேறாதா என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. மழைக்காலத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அளக்க வந்தவர்கள் சித்திரை வெயிலில் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு அடி மண் அடித்து மேடாக்கினால் போதும் என்றால் நல்ல லாபம். மூன்று அடி என்றால் கையைக் கடிக்கும்.

"மூணு அடின்னு எழுதுனா பேங்க்ல லோன் தரமாட்டான். அதோட எல்லாம் நின்னுடும். வாங்குன அட்வான்ஸெல்லாம் நெலத்துக்காரருக்குப் போயாச்சு, தெரியுமில்ல?"

தெரியாமலா? பதினாலாம் நம்பர் மனைக்கு அட்வான்ஸ் கட்டியவளே அவள் அம்மா சகாயராணிதான். நாற்பது வருஷம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த இரண்டு லட்சம். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டுமென்று அந்த மனுஷி எத்தனை மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள்!

திங்கட்கிழமை கணக்கு பேங்குக்குப் போகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவை மனை காட்ட ஸ்கூட்டியில் அழைத்துப்போனாள். இறங்கிய சகாயராணி, வெள்ளையடித்த கற்களையும் ஓரத்து இரட்டைப் பனையையும் பார்த்தபடியே நின்றாள்.

"ஏண்டி, இது கண்ணையன் பள்ளக்கழனி இல்ல?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம பின்ன? இங்க நடவுக்குக் கூப்ட்டா மட்டும் ஆளுக்குப் பத்து ரூவா கூடக் கேப்போம். மழ புடிச்சா தொடை வரிக்கும் தண்ணி. மத்த கழனியெல்லாம் வடிஞ்சாலும் இது வடியாது."

வரைபடம், சேட்டிலைட் படம் என்று கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள் ஸ்டெல்லா, பாவி. தினமும் சோறு போடுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்பவும் நிக்குமாம்மா?"

"நீங்க கல்லு நட்டது தண்ணிக்கு இன்னாடி தெரியும்?" என்று சிரித்தவள், மகள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரி வுடு. மண்ணு அடிப்பாங்க இல்ல? நீதான கணக்கு போட்ட?"

ஒரு அடி என்று போட்டிருந்த ஸ்டெல்லா குனிந்து, பக்கத்துக் கல்லின் நம்பரைப் பார்த்தாள்.

"நம்முது எதுடி?"

கையைக் காட்டினாள். தரை வெடித்துக் கிடந்தது. காற்றில் புழுதி பறந்தது. சகாயராணி பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். புடவையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, பதினாலாம் நம்பர் கல்லைப் பார்த்து இறங்கினாள்.