அப்பா குடித்த மிச்சம்

பவித்ராவின் ஆய்வகத்துக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. சாமி குத்தம் ஒன்றுமில்லை, வேலை அப்படி. வேலப்பன்சாவடிக் கல்லூரியின் அந்த ஒற்றை அறையில் அவள் தேடுவது, ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமின் துணுக்கை. உள்ளே ஓர் ஆண் தும்மினால் போதும், இல்லாத ஒய்யை இருக்கிறதென்று இயந்திரம் சத்தியம் செய்யும். ஏசி பழுது பார்க்க வந்தவரைக்கூட வாசலில் நிறுத்திவிட்டுத் தானே ஏணியில் ஏறியவள் அவள். அந்தச் சுத்தத்தின் மேல் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்படிப்பட்டவளின் திரையில்தான் தீபிகாவின் பெயருக்கு நேரே, ஒய் இருக்கிறதென்று மங்கலாக ஒரு கோடு விழுந்திருந்தது.

தீபிகாவுக்குப் பதினான்கு வயது. சேக்காட்டில் வீடு, அப்பா உத்தமன் ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம், இன்னும் வயதுக்கு வரவில்லை. பெண்ணுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்றுதான் இருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மருந்து உண்டு. ஆனால் எங்காவது ஒய் துணுக்கு ஒளிந்திருந்தால், வளராத சினைப்பையில் கட்டி வரலாம். அதனால் அந்தச் சினைப்பையையே முன்கூட்டியே அறுத்து எடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்துச் சொல்லத்தான் பவித்ராவிடம் அனுப்பினார்கள். ஊசியென்றால் அலறுகிற பெண் என்பதால், கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்திருந்தாள் பவித்ரா.

அதே மாதிரியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் கோடு. தன் அறையைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வயிற்றில் கத்தி வைக்கிற விஷயம். கோடு விழுந்ததைச் சொல்லி, ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று அப்பாவையும் மகளையும் மறுபடி வரச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். உத்தமனின் முகம் காய்ந்துபோயிருந்தது.

"மேடம், கத்தி வெக்காம முடியாதா? கொயந்த நாலு நாளா தூங்கல. நானுந்தான்."

"ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன் சார். உக்காருங்க."

உள்ளே போய் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள். வராந்தா பெஞ்சில் உத்தமன் கேன்டீன் டீயைப் பாதி குடித்துவிட்டுக் கப்பை மகளிடம் நீட்டினார். தீபிகா அதே இடத்தில் வாய் வைத்து மிச்சத்தை உறிஞ்சினாள்.

"இது எப்பவுமே பழக்கமா?" என்றாள் பவித்ரா.

உத்தமனுக்கு வெட்கமாகிவிட்டது. "மூணு வயசுலேர்ந்து இப்டித்தான் மேடம். தனியா வாங்கிக் குட்தா தொட மாட்டா. நான் குட்ச்ச மிச்சந்தான் வேணும்."

"அன்னிக்குக் குச்சி வெச்சுத் தேய்ச்சேனே தீபிகா, அதுக்கு முன்னாடியும் குடிச்சியா?"

"ஆமா மேடம். இதே பெஞ்சுலதான்."

"எதாவது சாப்பிட்டியான்னு கேட்டேன். காலையில இட்லிதான்னு சொன்ன."

"டீயெல்லாம் சாப்பாடா மேடம்?"

பவித்ராவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் தன் மேல்தான். ஓர் ஆணையும் அறைக்குள் விடாமல் காவல் காத்த மகராசி, பெற்ற அப்பனின் எச்சில் மகளின் வாய்வழியாக உள்ளே வந்ததைக் கோட்டைவிட்டிருந்தாள். டீ குடித்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் வீட்டில் நாலு ராத்திரி தூக்கம் போயிருக்காது.

தீபிகா அப்பாவின் கையை நெரித்துக்கொண்டு ரத்தம் கொடுத்தாள். பிறகு அவளை வாய் கொப்பளிக்க வைத்து, இரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்து, புதுக் குச்சியிலும் மாதிரி எடுத்தாள் பவித்ரா.

மறுநாள் சாயந்திரம் அவளே போன் செய்தாள்.

"சார், ரத்தத்துலயும் இல்ல, புதுக் குச்சியிலயும் இல்ல. அந்தக் கோடு உங்களோடது. ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட பேசிட்டேன். முதல்லயே டீயைப் பத்திக் கேக்காதது என் தப்பு. மன்னிச்சிருங்க."



"வவுத்துல பால வாத்தீங்க மேடம்," என்றார் உத்தமன். குரல் உடைந்திருந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "இனிமே அவளுக்கு என் டீய குடுக்கக் கூடாதா? நேத்துலேர்ந்து தனி கப்புல ஊத்தி வெக்கிறேன். அப்டியே ஆறிப்போய்க் கீது."

"தாராளமாக் குடுங்க சார். இன்னிக்கே பாதி குடிச்சிட்டுக் குடுங்க."

"பாதி இன்னா மேடம்," என்றார் அவர். "இன்னிக்கு நான் ஒரு வாய், மிச்சம் பூரா அவளுக்குத்தான்."