தயாளன் பார்த்த ஃபியூஸ்

சாவியைப் பாதி திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வர வேண்டும். இரண்டு விநாடிதான் கேட்கும். பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். லாசரஸ் சாவியைத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலின் ஹாரன் லேசாக வந்தது. பின்சீட்டுக்கு அடியில் மட்டும் சத்தமே இல்லை.

பம்ப் புத்தம் புதியது. ஜி.பி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கி வந்து, பின்சீட்டைக் கழற்றி, பம்பை டாங்கோடு இறுக்கியிருந்த துருப்பிடித்த வளையத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி அவரே மாற்றியது. அடுத்த தெரு தயாளன் போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடவே இருந்தார். ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். டார்ச் பிடித்தார், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், "சார், டாங்குக்குள்ள தலைய வுட்டுறாதீங்க. அக்கா அப்புறம் என்னத்தான் கேப்பாங்க" என்று கிண்டலும் செய்தார். வளையம் வழுக்கி உள்ளங்கை கிழிந்தபோது தயாளனுடைய கைக்குட்டையைத்தான் லாசரஸ் சுற்றிக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை, வண்டி இன்னும் கிளம்பவில்லை. நாளை மறுநாள் பேரனுக்கு ஞானஸ்நானம். பெரும்பாக்கத்திலிருந்து மகள் ஜெரூஷாவையும் குழந்தையையும் தன் காரில்தான் கோயிலுக்கு அழைத்து வருவேன் என்று குழந்தை பிறந்த அன்றே சொல்லிவிட்டார். ஜெரூஷாவையும் அவள் அண்ணன் ஆஸ்டினையும் அவர்களுடைய ஞானஸ்நானத்துக்கு அப்படித்தான் அழைத்துப் போனார். அப்போது இருந்தது வேறு கார். மருமகன் டாக்ஸி சொல்லவா என்று நேற்று போனில் கேட்டதற்கு, "என் வண்டிக்கு என்ன வந்தது?" என்று வெடுக்கென்று வைத்துவிட்டார்.

தயாளன் இன்னும் வரவில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முப்பத்தோரு வருடம் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து, எது விபத்தில் உடைந்தது, எது கிளெய்முக்காக உடைக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்து வாழ்ந்தவர்.

பம்பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பின்கள் பளிச்சென்று இருந்தன. எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து மறுபடி முறுக்கினார். சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு நீள ஒயர்களைப் பம்பில் மாட்டி, மறுமுனைகளை பேட்டரிக்குக் கொண்டுபோய்த் தொட வைத்தார். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் உற்சாகமாக ரீங்கரித்தது.

ஆக, பம்ப் நன்றாக இருக்கிறது. அதற்குக் கரண்டுதான் வரவில்லை. அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மதில் மேல் ஐந்து நாளாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பழைய பம்பை எடுத்துவந்தார். அதே ஒயர்களை அதில் மாட்டி ஒரு கணம் பேட்டரியைத் தொட்டார். அதுவும் ஓடியது.

லாசரஸ் மெதுவாக மதிலோரம் உட்கார்ந்தார். நன்றாக இருந்த பம்பையா கழற்றி எறிந்தோம்?

வண்டி நின்றுபோன, போன வாரத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தார். முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ். அது அவருக்குத் தெரியாததா? பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறக்கப் போனார். அதற்குள் தயாளன் குனிந்து, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஃபியூஸ் பாத்துட்டேன் சார், ஜோராக்கீது. பம்புதான் போயிருக்கும்" என்றார். இவரும் எட்டிப் பார்த்தார். மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள் கம்பி அறுபடாமல் தெரிந்தது. அதோடு அந்தப் பெட்டியை மறந்துவிட்டார்.

இப்போது போய் அதைத் திறந்தார். மஞ்சள் ஃபியூஸை இரண்டு விரலால் பிடித்து உருவினார். லேசாக வந்தது. ஃபியூஸுக்கு இரண்டு கால் இருக்க வேண்டும், இதற்கு ஒன்றுதான். மற்றொன்று அடியோடு போயிருந்தது. உடைந்திருந்தால் விளிம்பு சொரசொரவென்று இருக்கும். இது இருபுறமும் சாய்வாக, வழவழவென்று இருந்தது. கட்டிங் பிளேயர் பட்ட வெட்டு. உள்ளே கம்பி அறுபடாததால் மேலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. தொழில் தெரிந்த கை செய்தது.

"ஏங்க, காபி" என்று மெட்டில்டா வெளியே வந்தாள். அவர் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தாள். டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கேட் திறந்தது. "இன்னா சார், பாட ஆரமிச்சிச்சா புதுசு?" என்று வந்த தயாளன், இருவர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டார்.

லாசரஸ் உள்ளங்கையில் ஃபியூஸை வைத்து நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைக் காயம் அதன் அடியில் இன்னும் சிவப்பாக இருந்தது. "ஜோராக்கீதா தயாளா?"

"நான்தாங்க செய்யச் சொன்னேன்" என்றாள் மெட்டில்டா. "அவர் முடியாதுன்னுதான் சொன்னார். நான்தான் அழுதேன்."

"எதுக்கு?"

"ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல அந்த சைக்கிள் பொண்ணு."

லாசரஸ் தயாளனைத் திரும்பிப் பார்த்தார். வண்டி நின்றுபோவதற்கு முந்தைய சனிக்கிழமை அது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் இடப்பக்கமிருந்து வந்தாள். பக்கத்து சீட்டிலிருந்த தயாளன் கத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்திராவிட்டால் அவள் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பாள். வீட்டில் சொல்லாதே என்றார் இவர். எங்கம்மா மேல சத்தியமா சொல்ல மாட்டேன் சார் என்றார் தயாளன். இவர் இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட ஆரம்பித்து ஆறு மாதமாகியிருந்தது.

"சத்தியம் பண்ணினே."

"பண்ணேன் சார். ராவெல்லாம் தூக்கம் வர்ல. கைக்குழந்தைய வச்சிக்கினு ஓட்டுவேன்னு நீங்க நிக்கிறீங்க. வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா மெக்கானிக்க கூப்புடுவீங்க, நம்ம ஊரு மெக்கானிக் ஒரு மாசம் இழுப்பான், அதுக்குள்ள விசேஷம் முடிஞ்சிரும்னு நெனச்சேன். நீங்க பம்ப வாங்கிக்கினு வந்து நிப்பீங்கன்னு நான் கண்டேனா?"

"வந்து நின்னேனே. அப்புறமும் ரெண்டு நாள் டார்ச் பிடிச்சியே. கை கிழிஞ்சப்ப கைக்குட்டை வேற குடுத்தியே. அப்பகூடவா வாய் வரலை?"

தயாளன் தரையைப் பார்த்தார். "ஓட்டாதீங்கன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா சார்?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்."

லாசரஸ் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் செருகியிருந்த உபரி ஃபியூஸை எடுத்து, காலியான இடத்தில் அழுத்தினார். பானெட்டை அறைந்து சாத்தினார். டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி ரீங்காரம். மூன்று பேருக்கும் கேட்டது. அடுத்த திருப்பில் இன்ஜின் பற்றிக்கொண்டது.

"கேட்டைத் திற மெட்டில்டா."

அவள் கேட்டோரம் போய் நின்றாள். திறக்கவில்லை. லாசரஸ் நேரே பார்த்தார். கேட், அவள், தெருவில் ஒரு மாடு. தயாளன் போய்விட்டார் போலிருக்கிறது, நல்லது. "திற!" என்று கத்தி, கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலைத் தளர்த்தினார். வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

"சார்!"

குரல் இடது ஹெட்லைட் பக்கமிருந்து வந்தது. லாசரஸ் பிரேக்கை மிதித்தார். முகத்தை முழுதாகத் திருப்பிய பிறகே, பானெட்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்ற தயாளன் தெரிந்தார்.

"எப்ப அங்க வந்தே?"

"நீங்க வண்டில ஏறினதுலேர்ந்து இங்கதான் நிக்கிறேன் சார்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லாசரஸ் சாவியைத் திருப்பி அணைத்தார். இறங்கி வந்து சாவியை மெட்டில்டாவின் கையில் வைத்தார். வெட்டுப்பட்ட ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை தயாளன் ஓட்டட்டுமேங்க" என்றாள் அவள், தயங்கித் தயங்கி.

"டாக்ஸி சொல்லு. அவன் இந்த வண்டியைத் தொடக் கூடாது."

தயாளன் கேட்டை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார். அவருடைய டார்ச் பின்சீட்டிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க லாசரஸும் கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை டாக்ஸி வந்தது. அவர் வெள்ளை வேட்டி சட்டையில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெரும்பாக்கம் போய்க் குழந்தையை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குக் கோயிலில் இருக்க வேண்டும். மெட்டில்டா வீட்டைப் பூட்டிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசரமாக வந்து அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"கதவைப் பூட்டியாச்சா?"

"பூட்டிட்டேங்க."

நாற்பது வருடமாக அவர் அதைக் கேட்டதும் அவள் அதைச் சொன்னதும் அப்படியேதான். அவள் பதிலைக் கேட்ட கையோடு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

"ஒரு நிமிஷம்பா" என்றார் டிரைவரிடம். இறங்கினார். கேட்டைத் திறந்து, நின்றிருந்த தன் காரைக் கடந்து, வாசற்படி ஏறிப் போய்ப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்தார்.

டாக்ஸி ஜன்னல் வழியாக மெட்டில்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.