அக்கரை மொழி தெரிந்தவள்

வேலைக்குச் சேர்ந்த அன்று என் படிவத்தை மேற்பார்வையாளரே நிரப்பினார். பெயர் கேட்டார், வயது கேட்டார், முதுகுவலி உண்டா என்றுகூடக் கேட்டார். தாய்மொழி என்ற கட்டம் வந்ததும் நிமிர்ந்து என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். கேட்காமலே 'அக்கரை மொழி' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். என்னைப் போல நிறமும் முடியும் உள்ளவர்கள் இந்த ஊரில் பத்து வகை உண்டு. அவருக்கு எல்லாரும் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரே கூட்டம்தான். எனக்கு வீட்டில் தமிழ், வெளியில் இந்த ஊர் மொழி, அவ்வளவுதான். "இல்லை சார்" என்று சொல்ல இரண்டு விநாடி ஆகியிருக்கும். வேலை கிடைத்தால் போதும் என்றிருந்த நேரம், என்ன எழவையாவது எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு வருஷம் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. வார்டுகளிலிருந்து விரிப்பும் போர்வையும் பைபையாக வந்து இறங்கும். அவற்றைப் பெரிய மேஜையில் கொட்டி, ரத்தம் பட்டதைத் தனியாக, படாததைத் தனியாகப் பிரித்து மெஷினில் போடுவோம். அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் யாருக்கு எந்த மொழி தெரிந்தால் யாருக்கென்ன?

போன வருஷம்தான் சனியன் பிடித்தது. நோயாளிகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பேச்சு புரிய வேண்டும் என்று நிர்வாகம் 'மொழி உதவியாளர்' என்று ஒரு நீல அட்டை கொண்டுவந்தது. பழைய படிவங்களைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள், அதில் என் பெயர் இருந்தது. அட்டை உள்ளவர்களுக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான். அதுவரை நான் மதியம் இரண்டு மணி ஷிப்ட். மகள் பள்ளிவிட்டு வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். எட்டு வயதுப் பிள்ளையோடு நான் பேசியதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்த சீட்டுகளில்தான். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்ததா என்றால், ஒரு மண்ணும் இல்லை.

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "என்ன அக்கரைக்காரம்மா, இன்னிக்கு எத்தனை பேருக்கு மொழிபெயர்த்தீங்க?" என்று தினமும் ஒரு கிண்டல். ஒருநாள் மட்டும் சிரிக்காமல், "பேசாம உண்மையைச் சொல்லிடேன். எவனாவது வந்து மாட்டிவிடப் போறான்" என்றார்.

"சொல்றேன். சாயங்காலம் உங்க தங்கச்சி வந்து புள்ளையைப் பார்த்துக்குவாளா, கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

அப்புறம் அவள் வந்தாள்.

"உங்க ஆளு ஒருத்தங்க வந்திருக்காங்க!" மேற்பார்வையாளர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவார் என்பதால் அவருக்குக் கண்ணாடி சார் என்றுதான் பெயர். பின்னால் ஒல்லியாக ஒருத்தி நின்றாள். இருபத்தைந்து இருக்கும். என் நிறம், என் முடி. "இவங்களுக்கு நம்ம பாஷை சரியா வராது. ஆனா கவலையே இல்ல, நீங்க இருக்கீங்களே. பேசுங்க, பேசுங்க!"

அக்கரை மொழியில் எனக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை. வணக்கம், நன்றி, தண்ணீர். பக்கத்துக் கடைக்காரனிடம் கற்றது. வணக்கம் சொன்னேன். அவளும் வணக்கம் சொன்னாள். சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி சாரும் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் தமிழில் ஒரு பாட்டம் பேசிவிட்டேன். "அம்மா தாயே, நீ யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, என் பொழப்புல மண்ணைப் போட்றாதே" என்று சிரித்த முகமாகவே சொன்னேன். அவள் கண் கொட்டாமல் கேட்டாள். பிறகு மெல்லிய குரலில் கடகடவென்று ஏதோ சொன்னாள். ஒரு எழுத்து புரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"என்ன சொல்றாங்க?"

"வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷமாம், சார்."

"பாருங்க, எவ்வளவு சுலபமா முடிஞ்சிடுச்சு!" என்று கையைத் தட்டினார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நான் பேசியது அவள் மொழியில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு ஏன் சொல்லவில்லை? இவள் சும்மா வந்தவள் இல்லை, அட்டைக்காரர்கள் நிஜமாகவே பேசுகிறார்களா என்று பார்க்க அனுப்பிய ஆள் என்று தோன்றிவிட்டது. தோன்றியபின் எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரியே நடந்தது. இடைவேளையில் சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவாள். இரண்டு தடவை கண்ணாடி சார் அறைக்குள் போய் வந்தாள், வெளியே வந்ததும் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருநாள் வேண்டுமென்றே எனக்குத் தெரிந்த மூன்று வார்த்தையையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அதே மூன்று வார்த்தையை அதே வரிசையில் எனக்குத் திருப்பிச் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. என்ன கொழுப்பு பாருங்கள், என்னைப் பழித்துக் காட்டுகிறாள்!

இஸ்திரி மெஷின் அண்ணன் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது கேக்கவே இதமா இருக்கும்மா. எங்களைப் பத்தித்தானே பேசுறீங்க?"

"ஆமா அண்ணே, உங்க அழகைப் பத்தித்தான்."

ஊமைப் படம் போல மூன்று வாரம் ஓடியது. கண்ணாடி சார் வரும்போதெல்லாம் அவள் கடகடப்பாள், நான் தலையாட்டி ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பேன். கையுறை சின்னதாக வேண்டுமாம், சார். சனிக்கிழமை வரமுடியுமாம், சார். அவளும் மறுக்காமல் சனிக்கிழமை வந்து நின்றாள். என் குழியை நானே தோண்டக் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

நாலாவது வாரம் புதன்கிழமை. பதினொன்றே முக்கால் இருக்கும். நான் மெஷினில் துணி திணித்துக்கொண்டிருந்தேன். பிரிக்கிற மேஜையிலிருந்து அவள் ஓடிப்போய்க் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தாள். கையைக் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். வழக்கமான கடகடப்பு இல்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது, கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி சார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஐயோ, ஏன் அழுறாங்க? என்ன சொல்றாங்க?"

அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வீட்டு ஞாபகமாம், சார். அம்மா ஞாபகம்" என்றேன். மூன்று வாரமாகப் பழகிய வாய், நான் யோசிப்பதற்குள் அதுவாகவே சொல்லிவிட்டது.

"பாவம். கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுங்க. மேல மீட்டிங், போயிட்டு வந்துடறேன்." அவர் போய்விட்டார். நான் பெஞ்சைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்து நன்றி என்று அந்த அக்கரை வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து நான் திரும்பி வந்தபோதும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். மேலங்கியைக் கழற்றி மடித்துவைத்து, வெளியே போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்று இருபது. மலைபோல் பை குவிந்து கிடக்கிறது, மகாராணி உட்கார்ந்திருக்கிறாள்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி, இன்னும் முடியலையா உன் நாடகம்?" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். விரலில் சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. அவள் மடியில் ஒரு காகிதக் கப் இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள். உள்ளே ஊசி கிடந்தது, முனையில் ரத்தம் காய்ந்த ஊசி.

எவனோ ஒருவன் நோயாளிக்குப் போட்ட ஊசியை விரிப்போடு சுருட்டி அனுப்பியிருக்கிறான். அது இவள் கையுறையைத் துளைத்திருக்கிறது. சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான். ஊசி குத்தினால் கையைக் கழுவு, ஊசியைத் தூக்கி எறியாதே, உடனே சொல், சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் பலன். இவள் எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். உடனே என்னிடம் சொல்லியும்விட்டாள். நான் சாரிடம் சொல்லிவிட்டதாகவும், யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்றும் நம்பி ஒன்றரை மணி நேரமாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாவி, பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு படியேறினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

அவசரப் பிரிவு நர்ஸ் கப்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "எந்த வார்டுப் பை? எத்தனை மணிக்குக் குத்துச்சு? கேட்டுச் சொல்லுங்க" என்று என் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன்ல மொழிபெயர்க்கிறவங்களைக் கூப்பிடுங்க" என்றேன்.

"நீங்களே மொழி உதவியாளர்தானே?"

"கூப்பிடுங்கம்மா, தயவு செஞ்சு."

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்கரை மொழிக்காரர் ஒருவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் நிதானமாக ஏதோ கேட்டார். இவள் விழித்தாள். மறுபடி கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள், நான் இவளைப் பார்த்தேன். அவர் பேசியது மூன்று வாரமாக இவள் பேசிய பேச்சே இல்லை.

"அந்த மொழி எனக்கு... வராது" என்று இந்த ஊர் மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ உங்க மொழி எது?" என்று நர்ஸ் கேட்டாள்.

மூன்று வாரத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. பக்கத்திலேயே நின்ற நான் கேட்டேனா? அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அப்படி ஒரு மொழி இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் தேடி நர்ஸ் ஒரு பெண்ணைப் பிடித்தாள். போனில் அந்தப் பெண் குரல் வந்ததும் இவள் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தாள்.

"பதினொண்ணே முக்காலுக்குக் குத்துச்சாம், மூணாவது வார்டுப் பையாம்" என்றாள் போனில் இருந்த பெண். "உடனே கூட வேலை செய்யற அக்காகிட்ட சொன்னாங்களாம். அக்கா அதிகாரிகிட்ட சொன்னதை நேர்ல பார்த்தாங்களாம். ஏன் இவ்வளவு நேரம் யாரும் வரலைன்னு கேக்கறாங்க."

நர்ஸின் பேனா நின்றது. "அக்கான்னா நீங்களா?"

"நான்தான். எனக்கு ஒண்ணும் புரியலை. புரிஞ்ச மாதிரி நடிச்சு, வீட்டு ஞாபகம்னு சொல்லிட்டேன். இதையும் அவளுக்குச் சொல்லுங்க."

போன் சொன்னது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"இவங்க முகத்தைப் பார்த்து அக்கரை மொழின்னு எழுதிட்டாங்களாம். இல்லைன்னு சொன்னா வேலை போயிடும்னு இவங்களும் பேசாம இருந்துட்டாங்களாம். உங்களுக்கு உண்மை தெரியும், என்னிக்காவது காட்டிக் கொடுத்துடுவீங்கன்னு தினமும் உங்களைக் கண்டாலே பயமாம். இன்னிக்கு மட்டும், பேச்சு புரியாட்டியும் கை கழுவுறதைப் பார்த்து நீங்க புரிஞ்சுக்கிட்டீங்கன்னு நினைச்சாங்களாம். அந்தப் பயத்துலதான் நீங்க பேசறதையெல்லாம் அக்கரை மொழின்னு நினைச்சு நோட்டுல எழுதிவச்சு வீட்டுல படிச்சுப் பார்த்தாங்களாம்."

அவள் உட்கார்ந்து எழுதிக் கற்றது என் தமிழை. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நர்ஸ் மருந்து எடுக்க உள்ளே போனாள். அப்போதுதான் கண்ணாடி சார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இப்பத்தான் சொன்னாங்க. கடவுளே! நல்லவேளை, நீங்க கூட இருந்தீங்க. உங்க பாஷை தெரிஞ்ச ஆள் மட்டும் இல்லேன்னா இந்தப் பொண்ணு கதி என்ன?"

நான் சும்மா இருந்திருந்தால் போதும். நர்ஸ் எழுதிய தாளை அவர் படிக்கப்போவதில்லை, அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. நாலு மணிக்கு மகள் வந்து கதவைத் தட்டுவாள், நான் திறப்பேன். நாளைக்கும் திறப்பேன். ஆனால் பெஞ்சில் இருந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் நாள் பார்த்த அதே மாதிரி.

"சார், அக்கரை மொழியில எனக்கு மூணு வார்த்தைதான் தெரியும். அவளுக்கும் அதே மூணுதான். காலையில அவ சொன்னது ஊசி குத்திடுச்சுன்னு. வீட்டு ஞாபகம்னு சொன்னது நான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், கடையில் செல்லாத நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல.

"எட்டு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்றார். "அப்போ நீங்க யாரு?"

"அதை நாளைக்கு உக்காந்து கேளுங்க, சொல்றேன்" என்றேன். "இப்ப அவ கை எப்படி இருக்குன்னு கேளுங்க."